உப்புப் பலகை

அப்பா சொன்னது சாதாரணப் பேச்சுதான். புரட்டாசி அமாவாசைக்குக் காரைக்கால் கடற்கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், ஈர வேட்டியோடு வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"கடல்ல இன்னிக்கு என்னா ஏத்தங்குற. ஐயரு உக்காந்திருந்த எடத்துக்கே தண்ணி வந்துட்டு. எலையத் தூக்கிக்கிட்டு எல்லாரும் பின்னால நவுந்துக்கிட்டே இருந்தோம்."

அடுப்படியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த எழில்மதிக்குக் கை நின்றுபோனது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால்.

கடல் ஏறினால் ஆற்றுத் தண்ணீர் வடியாமல் நிற்கும். வாய்க்காலில் உப்புத் தண்ணீர் பின்பக்கமாக உள்ளே நுழையும். இது அவளுக்குத் தெரியாத சங்கதியா? ஒன்றரை மாதமாக வரிச்சிக்குடியில் வீடு வீடாகப் போய் இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள்! ஆனால் வரிச்சிக்குடி பஸ் ஸ்டாப்பில் தொங்குகிற கரும்பலகையில் இந்த நேரத்தில் இன்றைய தேதி போட்டு, '1.1 - தண்ணீர் வைக்கலாம்' என்று அவளுடைய முத்துமுத்தான கையெழுத்தில் எழுதியிருந்தது. அந்த எண்ணை இன்று யாரும் அளக்கவில்லை.

அந்தப் பலகை வந்த கதையைச் சொல்லிவிட வேண்டும். எழில்மதி படிக்கிற கல்லூரியில் வருடா வருடம் சமூகப் பணி என்று ஒன்று உண்டு. குளக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குவார்கள், மரக்கன்று நடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். கன்றை ஆடு மேய்ந்துவிடும். அடுத்த வருடம் அதே குழியில் அடுத்த கன்று. இந்த வருடம் வந்த புதுப் பேராசிரியைக்கு அது பிடிக்கவில்லை. "ஊர்ல என்ன வேணும்னு ஊர்லயே போயிக் கேளுங்க. திட்டத்த நீங்களே போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

எழில்மதி, மணிபாரதி, இனியா மூன்று பேரும் சேர்ந்து வரிச்சிக்குடிக்குப் போய்க் கேட்டார்கள். ரோடு, பஸ், கொசு என்று ஆரம்பித்தவர்கள் எல்லாம் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நின்றார்கள். கடைமடை ஊர். முறை வைத்து விடுகிற ஆற்றுத் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் வாய்க்காலில் கிடப்பதை எஞ்சின் வைத்து இறைத்துத்தான் இளம்பயிரைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எந்த நாள் உப்பு ஏறும், எவ்வளவு ஏறும் என்பதுதான் பிடிபடவில்லை. கல்லூரி ஆய்வகத்தில் பேனா அளவில் ஒரு மீட்டர் சும்மா கிடந்தது. தண்ணீரில் முக்கினால் உப்பின் அளவை எண்ணாகக் காட்டும். மூன்றுக்கு மேல் போனால் இளம்பயிருக்கு ஆகாது. தினமும் காலை ஏழு மணிக்கு அளந்து, எட்டு மணிக்குள் பலகையில் எழுதிவிடுவது, ஆளுக்கு இரண்டு நாள் முறை என்று தீர்மானித்தார்கள். ஊர்க்காரர்கள் அதற்கு உப்புப் பலகை என்று பெயர் வைத்தார்கள்.

முதல் பத்து நாள் யாரும் சட்டை செய்யவில்லை. பிறகு டீக்கடையில் உட்காருகிற செல்லையன் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நாலு மா சாகுபடிக்காரர், உரத்த குரல். காலையில் சைக்கிளில் போகிற ஆள் யாராக இருந்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "இன்னிக்கு ஒண்ணு, வைக்கலாம்" என்று சத்தமாகப் படித்துச் சொல்லி அனுப்புவார். என்னவோ அவரே வாய்க்காலில் இறங்கி அளந்துவிட்டு வந்த மாதிரி. அதன்பிறகு ஊரே அதைப் பார்த்துவிட்டுத்தான் எஞ்சின் போட்டது.

இனியா கருக்களாச்சேரி மீனவர் வீட்டுப் பெண். கடல் அவளுக்கு வீட்டுக் கொல்லை. "அமாவாசையும் பௌர்ணமியும் மட்டும் ரெண்டு வேள அளக்கணும்டி. அன்னிக்குக் கடல நம்பக்கூடாது" என்று முதல் நாளே சொன்னாள். எழில்மதி அதை நோட்டில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டாள். அடிக்கோடு போட்டால் மனதில் ஏறிவிட்டதாக நினைத்துக்கொள்வது படிக்கிற பிள்ளைகளுக்கு உள்ள வியாதி.

எழில்மதி வீடு கோட்டுச்சேரியில் வயல்காட்டை ஒட்டிய வீடு. அங்கே அமாவாசை என்றால் கடல் அல்ல, படையல். அதுவும் புரட்டாசி அமாவாசை. அப்பா தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்து, படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, அது வந்து கொத்துகிறவரை வீட்டில் யாரும் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், வாசலைத் தாண்ட மாட்டார்கள். காலையில் வெளியே போக அம்மா விடமாட்டாள் என்று எழில்மதிக்குத் தெரியும். இனியாவிடம் முறையை மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். ஒரு போன், இரண்டு நிமிஷப் பேச்சு. அதற்குச் சோம்பல்பட்டாள். நேற்றுச் சாயங்காலம் பஸ் ஸ்டாப் பக்கம் போனவள், பலகையைத் துடைத்து, மறுநாள் தேதியைப் போட்டு, ஒரு வாரமாக மாறாமல் இருந்த 1.1-ஐயே எழுதிவிட்டு வந்துவிட்டாள். ஆய்வக ரெக்கார்டு நோட்டில் விடை தெரிந்த சோதனைக்கு அளவு எழுதுவது போலத்தான். எல்லாரும் செய்வது. மார்க் கூடப் போட்டுத் தருவார்கள்.

கடல் சும்மா இருக்கிற நாளில் வெளியே போக ஆயிரம் வழி இருந்தது. கடல் பொங்குகிற நாள் பார்த்து அவள் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டாள்.

இன்று எஞ்சின் முறை யாருக்கு என்று அப்போதுதான் யோசித்தாள். தையல்நாயகி. ஒன்றரை மா, அதாவது அரை ஏக்கர் குத்தகை நிலம், புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். முந்தாநாள் பார்த்தபோது சொன்னாள்: "அமாவாசன்னைக்குத்தான் ராஜ்மோகன் எஞ்சின் தரேங்குது. ஏரு பூட்டத்தான் அமாவாச ஆகாது, எஞ்சினுக்கு ஏது? பயிரு வாடுது பாப்பா." எழில்மதியும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தாள்.

போனை எடுத்துத் தையல்நாயகிக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எஞ்சின் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது? எஞ்சின் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்.

"அம்மா, நான் வரிச்சிக்குடி வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்."

"என்னாது? எலையே போடல. பெரியவங்களுக்குப் படைக்கிற நாளு, படி தாண்டுவியா?"

"தப்பா எழுதிட்டேம்மா. தண்ணி வச்சிக்கிட்டு இருக்காங்க."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எழில்மதிக்கு நேரமில்லை. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். பின்னால் அம்மா கூப்பிட்டது தெரு திரும்புகிறவரை கேட்டது.

எதிர்காற்று. சைக்கிள் நகர்வேனா என்றது. காலையிலிருந்து பட்டினி வேறு. வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் அவள் தலைக்குள். ஒன்பது மணிக்கு எஞ்சின் போட்டிருந்தால் இப்போது ஒரு மணி நேரம். ஒரு வேளை டீசல் வாங்கத் தாமதமாகியிருக்கும். ஒரு வேளை ராஜ்மோகன் வரவில்லையோ என்னவோ. இல்லாத சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டு மிதித்தாள்.

வரிச்சிக்குடி பஸ் ஸ்டாப் வந்தது. பலகை தெரிந்தது. டீக்கடை பெஞ்சில் செல்லையனோடு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எழில்மதியின் கால் ஒரு கணம் மிதிப்பதை நிறுத்தியது. இறங்கி அழிக்க வேண்டும். அழித்தால் ஏன் என்று கேட்பார்கள். செல்லையன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"என்னா பாப்பா, இன்னிக்குக் காலையில ஆளக் காணுமே. எப்ப வந்து எழுதிட்டுப் போன?"

அவள் சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு, நிற்காமல் போய்விட்டாள். முதலில் வயல், அதுதான் அவசரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாதி நிஜம். மீதி வெட்கம்.

எஞ்சின் சத்தம் தூரத்திலேயே கேட்டது. வரப்பில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். வாய்க்கால் கரை தளும்பிக் கிடந்தது. இத்தனை தண்ணீரை அவள் இந்த ஒன்றரை மாதத்தில் பார்த்ததில்லை. தையல்நாயகி வரப்போரம் நின்று, மடை வழியாகத் தண்ணீர் பரவுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மூன்று வயலில் இரண்டு நிறைந்து, மூன்றாவதில் ஏறிக்கொண்டிருந்தது. விரல் நீளப் பயிர், நுனி மட்டும் வெளியே.

"அக்கா, நிறுத்தச் சொல்லுங்க. எஞ்சின நிறுத்துங்க."

கேட்கவில்லை. எழில்மதி வாய்க்காலில் இறங்கி மீட்டரை முக்கினாள். எண்கள் ஓடி நின்றன. 5.8. உதறிவிட்டு மறுபடி முக்கினாள். 5.8. எஞ்சினுக்குப் பக்கத்தில் பீடியோடு குந்தியிருந்த ராஜ்மோகனிடம் ஓடிக் கையைக் காட்டினாள். அவன் எழுந்து நிறுத்தினான். திடீரென்று அமைதியானதில் தவளை கத்துவது கேட்டது.

"என்னா பாப்பா?" என்று தையல்நாயகி வந்தாள்.

"உப்புக்கா. அஞ்சு புள்ளி எட்டு காட்டுது."

தையல்நாயகி வாய்க்காலைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள். "பலகையில ஒண்ணு புள்ளி ஒண்ணு போட்டிருந்துச்சே. ஏழரை மணிக்கு நான் நேர்ல பாத்துட்டுத்தான் வந்தேன்."

ராஜ்மோகன் பீடியை வீசினான். "காலையில பாப்பா அளக்கறப்ப நல்லாத்தான் இருந்திருக்கும். அமாவாசையில்ல, அப்பறம் ஏறிட்டு. கடல் ஏறுனா பாப்பா என்னா பண்ணும், பாவம்."

பாவம் என்று வேறு சொன்னான். ஒரு வார்த்தை பேச வேண்டாம், தலையை ஆட்டினால் போதும். பழி கடலோடு போய்விடும். கடல் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. எழில்மதிக்கு அந்த ஆசை தொண்டைவரை வந்தது. தையல்நாயகி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளும் ஆமாம் என்ற பதிலுக்குத்தான் காத்திருந்த மாதிரி இருந்தது.

"இல்லண்ணே. காலையில நான் அளக்கவே இல்ல. நேத்து சாயங்காலமே எழுதி வச்சிட்டுப் போயிட்டேன். வீட்டுல படையல்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அழுதால் அவர்களே தேற்றும்படி ஆகிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தையல்நாயகி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ் வரப்புக்குப் போய் வெட்ட ஆரம்பித்தாள், உள்ளே வந்த தண்ணீரை வெளியே வடியவிட. எழில்மதி ஓடிப்போய்க் கையை நீட்டினாள்.

"குடுங்கக்கா, நான் வெட்டுறேன்."

"வேணாம். மம்புட்டி எனக்குப் புடிக்கத் தெரியும்." நாலு வெட்டு வெட்டிவிட்டு நிமிர்ந்தாள். "வாய்க்காத் தண்ணிய ஒரு கை அள்ளி வாயில வச்சிப் பாத்துட்டுத்தான் இத்தன வருசமா எஞ்சின் போட்டேன். எங்க மாமியாருக்கும் அதான் பழக்கம், ஊருக்கே அதான் பழக்கம். நீங்க பலக வச்சீங்க. மிசின்ல அளக்குறாங்க, படிச்ச புள்ளைங்க, நம்ம நாக்கு என்னா பெருசுன்னு விட்டுட்டேன். இன்னிக்குக் காலையில இந்தத் தண்ணியிலதான் கால் கழுவினேன். வாயில வைக்கணும்னு தோணவே இல்ல."

எழில்மதியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வெட்டிய வாய் வழியாகத் தண்ணீர் சலசலத்து வடிந்தது. எல்லாம் வடிந்தாலும் சேற்றில் ஊறிய உப்பு போகாது. நல்ல தண்ணீர் விட்டு அலசினால்தான் போகும், ஆற்று முறை வர இன்னும் ஆறு நாள்.

"பொழைக்குமாக்கா?"

"நாலு நாள்ல தெரியும்." தையல்நாயகி மறுபடி குனிந்தாள். குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். "பலகைய அழிச்சிட்டியா?"

எழில்மதி மீட்டரைத் துடைத்துப் பைக்குள் போட்டாள்.

"அந்தப் பக்கமாத்தான வந்த?"

"ஆமாக்கா. செல்லையன் மாமா எல்லாரும் உக்காந்திருந்தாங்க. அதான்."

"அதான்னா?"

தையல்நாயகிக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "என் வயலு போனது போச்சு. அங்க எத்தன பேரு அதப் பாத்துட்டு எஞ்சினுக்குச் சொல்லி வச்சிருக்காங்களோ. வெக்கப்பட்டுக்கிட்டு இஞ்ச வந்து நிக்கிற. போ. என் மூஞ்சியப் பாக்காத, மொதல்ல போயி அத அழி."

எழில்மதி சைக்கிளை எப்படி எடுத்தாள், எப்படி மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. பஸ் ஸ்டாப்பில் பெஞ்சில் இப்போது இன்னும் இரண்டு பேர் கூடியிருந்தார்கள். ஒருவர் போனில் யாரிடமோ, "டீசல் ஊத்தி ரெடியா வையி, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, தாவணி முனையாலேயே பலகையைத் துடைத்தாள். பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அழுத்தியதில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டால் எழுதினாள். '5.8. தண்ணீர் வைக்க வேண்டாம்.' ஒரு கணம் நின்றாள். அதன் கீழே எழுதினாள். 'காலையில் இருந்த எண் அளக்காமல் எழுதியது. எழில்மதி.'

செல்லையன் வழக்கம்போலச் சத்தமாகப் படித்தார். "அஞ்சு புள்ளி எட்டு. வைக்க வேண்டாம். காலையில் இருந்த எண்..." அதற்குமேல் குரல் இறங்கிவிட்டது. கடைசியில் இருந்த பெயரை மனதுக்குள்தான் படித்தார்.

டீசல் ஊற்றச் சொன்னவர் அவசரமாகப் போனை எடுத்து, "எலேய், போடாத, போடாத" என்றார். அந்த ஒரு வயல் தப்பியது.

"யாரு வயல்லயாச்சும் வச்சிட்டாங்களா?" என்று கேட்டார் செல்லையன்.

"தையல்நாயகி அக்கா வயல்ல. ரெண்டு வயலு ரொம்பிட்டு மாமா."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். செல்லையன் டீக்கிளாஸைக் கீழே வைத்தார். எல்லாரிடமும் பலகையைப் படித்துச் சொல்லி அனுப்பிய வாய் அது. இன்று காலை பலகை பார்க்க வந்த தையல்நாயகிக்கும் அவர் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்.

"சரி. ஒண்ணு கேக்குறேன், உள்ளதச் சொல்லு." அவர் குரல் எப்போதையும்விடத் தணிந்திருந்தது. "இன்னிக்கு மட்டுந்தானா? இல்ல, முன்னாலயும் இப்படி எழுதியிருக்கியா?"

இன்னிக்கு மட்டும்தான் என்று சொல்ல எழில்மதி வாயெடுத்தாள். அப்போதுதான் அந்தப் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. கல்லூரியில் டெஸ்ட் இருந்த நாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வாய்க்காலுக்குப் போகாமல் முந்தின நாள் எண்ணையே எழுதிவிட்டு ஓடினாள். மறுநாள் அளந்தபோது அதே எண்தான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அதைத் தப்பு என்றே அவள் கணக்கில் வைக்கவில்லை, மறந்தும் போயிருந்தாள். இவர்கள் யாருக்கும் அது தெரியாது. தெரியவும் போவதில்லை.

"இன்னொரு நாளும் உண்டு மாமா" என்றாள். "போன வாரத்துக்கு முந்தின புதன்கிழம."

செல்லையன் விரல் விட்டு எண்ணினார். அவசரமில்லாமல் எண்ணினார்.

"அன்னிக்குத்தான் நான் தண்ணி வச்சேன்" என்றார்.

பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். பத்து நாளுக்கு மேலாகப் பச்சைப் பசேலென்று நிற்கிற தன் பயிரைப் பார்க்கப் போனார்.